துபாயில் அரபு வழிப் பள்ளி: சேலத்துப் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார், அம்மாபேட்டையிலிருந்து குடிபெயரப் போகிறோம், கட்டணம் குறைவான அரபு வழித் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு மகளையும் யுகேஜி மகனையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகனைச் சேர்க்கலாம். மகளுக்கு வேண்டாம். பாடநூலில் இருப்பது எழுத்து அரபு. எகிப்து, சிரியா பிள்ளைகள் விளையாடும்போது பேசுவது வேறு. இரண்டையும் பிடித்துக்கொண்டு, அந்த மொழியிலேயே மற்ற பாடங்களையும் படிப்பது அந்த வயதில் பெரும்பாடு. குர்ஆன் ஓதத் தெரிவது இதற்குப் போதாது. வீட்டுப்பாடத்துக்கு உதவ உங்கள் இருவருக்கும் அரபு தெரியுமா? தெரியாவிட்டால் டியூஷன் செலவு, கட்டணத்தில் மிச்சமானதை விழுங்கிவிடும். பேருந்து, சீருடை தனி.

அரபு கற்பதே நோக்கமென்றால், அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்புவரை அது கட்டாயப் பாடம்தான்.

சேலத்துக்கு எப்போது திரும்புவீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயமாகியிருக்கிறது. துபாயில் அரபு வழிப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், சிபிஎஸ்இ ஏப்ரலில். துபாய் அரசின் கேஎச்டிஏ அமைப்பு பள்ளிகளின் கட்டணத்தையும் ஆய்வறிக்கைகளையும் இணையத்தில் வெளியிடுகிறது. முன்பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.