வேலி இடுக்கில் நுழைந்த சிறுவனும் வீட்டுக்காரரின் பொறுப்பும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் கொல்லைப்புறத்தில் இரண்டரை அடி ஆழத்தில் சிறிய நீச்சல் தொட்டி கட்டினேன். சென்ற வாரம் நண்பகலில் நாங்கள் உள்ளே படுத்திருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிறுவன் (வயது 6) கம்பிவேலியின் இடுக்கு வழியாக நுழைந்து, தொட்டியோரத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் அவன் முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. முன்பே இரண்டு முறை அவனைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று பலகையும் மாட்டியுள்ளேன். இப்போது அவன் தந்தை நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கூப்பிடாமல் வந்தவனுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: உங்கள் கடிதத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும் வரி, ‘முன்பே இரண்டு முறை அவனைப் பிடித்து அனுப்பியிருக்கிறேன்’ என்பதுதான். அவன் சொல்பேச்சுக் கேளாதவன் என்று காட்டுவதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ, வேலியில் இடுக்கு இருப்பதும் அதன் வழியே சிறுவன் வருவதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு அதையே சான்றாக வைப்பார்.

அத்துமீறி நுழைந்தவருக்கு இடத்துக்காரர் எந்தக் கடமையும் பட்டவரல்லர் என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய நிலை. 1972-இல் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்துக்கு எதிரான ஹெரிங்டன் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த நிலையைத் தளர்த்தியது. அதிலும் சிறுவனுக்கு வயது 6தான். மிதிபட்டுத் தாழ்ந்து கிடந்த வேலியைக் கடந்து போய் மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் காயமடைந்தான். பிள்ளைகள் அங்கே நடமாடுவது நிலையத்தாருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தும் வேலி சரிசெய்யப்படவில்லை என்பதால், அழையாமல் வந்தவனே ஆனாலும் வாரியம் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. இந்த மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்கள் பொதுவாக மூன்றைப் பார்க்கும்: அபாயம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா, பிள்ளைகள் வரக்கூடும் என்பது தெரியுமா, நியாயமான செலவில் அதைத் தடுத்திருக்க முடியுமா. முதல் கேள்விக்கு விடை விவாதத்துக்குரியது. மற்ற இரண்டும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. பலகையைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படித்தாலும், தண்ணீரைக் கண்டபின் அதற்குக் கட்டுப்படுவான் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்க்கமாட்டார்.

இருப்பினும் உங்கள் பக்கமும் வெறுமையாக இல்லை. பாயும் மின்சாரமும் ஈரத் தரையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. தொட்டியோரம் ஈரமாக இருப்பது எவரும் எதிர்பார்க்கும் சாதாரண நிலை, மறைந்திருந்த அபாயம் அல்ல என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தின் பலம், நீங்கள் தரையில் பதித்த ஓடு எத்தகையது என்பதைப் பொறுத்தது. சொரசொரப்பான வெளிப்புற ஓடு என்றால் வாதம் நிற்கும். குளியலறைச் சுவரில் ஒட்டும் வழுவழுப்பான ஓட்டைத் தரையில் பதித்திருந்தால் நிற்காது. பெற்றோரின் பொறுப்பும் உண்டு. 1955-இல் இங்கிலாந்தின் ஃபிப்ஸ் வழக்கில், ஐந்து வயதுச் சிறுவன் ஏழு வயது அக்காவுடன் போய் நகராட்சி இடத்தில் இருந்த பள்ளத்தில் விழுந்தபோது, சிறுபிள்ளைகளைக் கவனிப்பது முதன்மையாகப் பெற்றோரின் கடமை என்று கூறி நீதிமன்றம் நகராட்சியை விடுவித்தது. அடுத்த வீட்டுக்கு ஓடும் பிள்ளை விஷயத்தில் இந்த வாதம் எவ்வளவு எடுபடும் என்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு.

இனிச் செய்ய வேண்டியவை. இடுக்கை அடைப்பதற்கு முன் அதன் அகலம், தரை, பலகை ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். எடுத்தவுடன் அடையுங்கள், வேலியைச் சரிசெய்வதாலேயே தவறை ஒப்புக்கொண்டதாகிவிடாது. வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்பு என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நோட்டீஸின் நகலுடன் இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். தாமதமாகத் தெரிவித்ததையும், அவர்களைக் கேளாமல் பணம் கொடுத்ததையும் காட்டிக் கோரிக்கையை மறுக்க அவர்கள் முயலலாம். மருத்துவச் செலவைத் தர மனமிருந்தால், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், இருவரின் சட்ட உரிமைகளுக்கும் பாதகமின்றித் தருவதாக எழுத்தில் பதிந்து கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வருத்தம் தெரிவிக்கலாம். ‘என் தவறுதான்’ என்று எழுத வேண்டாம்.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தந்தை ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்திட்டுத் தந்தாலும், காயமடைந்தவன் மைனர் என்பதால் அந்தத் தாள் மட்டும் விஷயத்தை முடித்துவிடாது. மைனரின் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். பல நாடுகளில் அவன் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு அவன் மேஜரான பிறகே ஓடத் தொடங்கும். ஆகவே படங்களையும் கடிதங்களையும் பல ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

தொட்டியைச் சுற்றி 1.2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் தடுப்பும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் போடுங்கள். அந்த வேலை முடியும்வரை தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டாம். நோட்டீஸில் குறிப்பிட்ட கெடு முடிவதற்குள் உள்ளூர் வழக்கறிஞர் வழியாகவே பதில் அனுப்புங்கள்; சிறுவனை முன்பு இரண்டு முறை திருப்பி அனுப்பிய விவரத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.