பூட்டனைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி (ரொறன்ரோ): பூட்டனின் பெயர் கந்தர், ஊர் சுன்னாகம் என்பது மட்டுமே தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயரை விட்டுவிட்டுக் காணியைப் பிடியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரான எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை; தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது, அப்பப்பாவின் பெயரோ பேரப்பிள்ளைக்குத் திரும்பி வருகிறது. காணியின் பெயர் அப்படி எளிதில் மாறாது. பழைய உறுதியின் (காணிப் பத்திரத்தின்) அட்டவணையில் நான்கு எல்லைக்காரரின் பெயர்களும் இருக்கும். முதுசக் (பரம்பரைக்) காணி பிள்ளைகளுக்குள் பிரிந்திருந்தால் அந்த எல்லைக்காரரிற் சிலர் உடன்பிறந்தவர்களாகவே இருப்பர். எனது ஆச்சியின் சீதன உறுதியில், கரையான் அரித்த ஓரத்தில், 'வடக்கு: சின்னத்தம்பி பெண்சாதி வள்ளிப்பிள்ளை' என்றிருந்தது. பூட்டிக்கு ஒரு தங்கை இருந்ததை அன்றுதான் எங்கள் வீட்டார் அறிந்தோம்.

கேள்வி (உரும்பிராய்): தாய்வழியைத் தேட வழியுண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும், தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் சென்றது. ஆகவே சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் தாய், அவளின் தாய் என்று மேலே போகலாம். வேறு பல சமூகங்களில் மறைந்துபோகும் பெண்களின் பெயர் எங்களிடம் எழுத்தில் நிற்பது பெரும் பேறு என்றே கருதுகிறேன்.

கேள்வி (கோலாலம்பூர்): பாட்டனார் மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். ஊரில் அவருக்குத் தடயம் இருக்குமா?

பதில்: அவர் மலாயாச் சம்பளத்தில் வாங்கிய காணியைத் தேடுங்கள். அங்கிருந்தபடியே வாங்கியவர்களுக்காக ஊரிலுள்ள சகோதரனோ மைத்துனனோ அற்றோணித் தத்துவம் (அவர்கள் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம்) பெற்று ஒப்பமிட்டிருப்பார். அந்த ஒப்பமே உங்கள் உறவுக்காரரைக் காட்டித் தரும்.

கேள்வி (வட்டுக்கோட்டை): சைவக் குடும்பமான எங்கள் வம்சாவளியில் ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது?

பதில்: 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில், படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களை மாணவருக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரை நினைத்துப் பாருங்கள். இன்னும் பழைய 'தொன்' போன்ற பட்டங்கள் போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை.

கேள்வி (நல்லூர்): ஒல்லாந்தரின் தோம்புகளை (காணி, குடிப் பதிவேடுகளை) பார்க்க முடியுமா?

பதில்: கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உள்ளன. ஆனால் அவை ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டவை. ஊரின் பெயரும் காணியின் பெயரும் கையில் இல்லாமல் போகாதீர்கள்.