கவுன்ட்டருக்கு உள்ளே ஒரு காதல் கதை

(மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநர், மிச்ச நேரத்தில் காதல் நாவலாசிரியர். வேலை பார்த்துக்கொண்டே எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார். பலரும் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிட்டு, அவரவர் தொழிலை மட்டும் போட்டிருக்கிறோம்.)

ஷிஃப்ட், வீட்டு வேலை எல்லாம் போக எழுத எங்கே மேடம் நேரம்? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உட்கார முடிகிறது. உட்கார்ந்தால் போன வாரம் எதில் விட்டேன் என்பதே மறந்துபோகிறது. – செவிலியர்

என்ன நோய் என்பதை உங்கள் கடைசி வரியிலேயே சொல்லிவிட்டீர்கள் சிஸ்டர். உங்களுக்கு நேரம் குறைச்சல் இல்லை, இடைவெளி அதிகம். ஏழு நாள் கழித்துத் திறந்தால் நாயகி கோபமாக இருந்தாளா, அழுதுகொண்டிருந்தாளா என்று தேடுவதிலேயே பாதி ஞாயிறு போய்விடும். அதே நேரத்தைப் பிய்த்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். இருபது நிமிடம்கூடப் போதும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாத்திரை அட்டைகளை ஷெல்ஃபில் அடுக்கிய பிறகு காலிப் பெட்டிகள் மிஞ்சும். பிரித்து விரித்தால் உள்பக்கம் வெறும் வெள்ளை. ஆன்டிபயாட்டிக் பெட்டி என்றால் ஒரு சண்டைக் காட்சியின் வசனம் முழுக்க அடங்கிவிடும். கண் சொட்டு மருந்துப் பெட்டியில் ஒரு வரிதான் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு வரிதான் பல நேரம் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது! கோட் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் போனில் ஏற்றிவிடுவேன். கதையை முன்னால் தள்ளுவதை விட அதை ஆறவிடாமல் வைத்திருப்பதற்குத்தான் இந்தப் பெட்டிகள். (மருந்துச் சீட்டு கையில் இருக்கும்போது கதையை நினைப்பதே கிடையாது. கூட்டம் ஓய்ந்த பிறகுதான் எல்லாம். இதை என் மேலதிகாரியும் படிப்பார் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

டூட்டிக்குக் கிளம்பும்போது ஒரு சின்னக் கேள்வியையும் கூடவே எடுத்துப்போவேன். 'அவன் வேலை மாற்றலாகிப் போகிற விஷயம் அவளுக்கு யார் மூலம் தெரிய வேண்டும்?' என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். 'இவர்கள் காதல் என்ன ஆகும்?' என்று கேட்டால் ராத்திரி வரை ஒன்றும் வராது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரொலோப் தபால் துறை அதிகாரி. சாலையோரத் தபால் பெட்டி பிரிட்டனுக்கு வந்ததில்கூட அவருக்குப் பங்கு உண்டு. 1852இல் அவர் செய்த பரிந்துரையின் பேரில்தான் ஜெர்ஸி தீவில் அதைச் சோதனையாக வைத்தார்கள். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். மொத்தம் 47 நாவல். இறந்த மறு வருடம், 1883இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அந்த 250 சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதை அவர் படிப்பாராம். இருக்கிற மூன்று மணி நேரத்தில் அரை மணியைப் படிக்கக் கொடுக்க மனசு வர வேண்டும். நீங்கள் இருபது நிமிடத்தில் ஐந்தைக் கொடுங்கள்.

எழுதுவதற்கு மூட் வர என்ன செய்வீர்கள்? – கல்லூரி மாணவி

நல்ல மூட் வந்தால் தூங்கிவிடுவேன் அம்மா. எழுதுவதற்கு நாற்காலி போதும்.

கடைசியில் இருவரும் சேரத்தான் போகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிறது. பிறகு எதற்கு 300 பக்கம்? என் கணவர் கிண்டல் செய்கிறார். – வங்கி ஊழியர்

சேர்வது தெரியும்தான். அது இந்த வகை எழுத்தின் நிபந்தனை. அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டே அடையாளம் வைத்திருக்கிறது: கதையின் நடுநாயகமாக ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபடுவான் என்றும் முன்கூட்டியே தெரியும். அதற்கு யாரும் கிண்டல் செய்வதில்லை.

வாசகி கேட்பது 'சேர்வார்களா' என்று அல்ல. 'இந்த இரண்டு பிடிவாதக்காரர்களும் எதை விட்டுக்கொடுத்துச் சேர்வார்கள்' என்றுதான். ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வந்தது. 61 அத்தியாயம். நாயகன் முதல் தடவை 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்று கேட்பது 34ஆவது அத்தியாயத்தில். கதை பாதியைத் தாண்டி கொஞ்சம்தான் போயிருக்கும். கேட்கிற தோரணையிலேயே அவள் குடும்பத்தை மட்டம் தட்டிவிடுகிறான், அவள் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடுகிறாள். மிச்சம் 27 அத்தியாயமும் அந்த மறுப்பு இரண்டு பேரையும் என்ன செய்தது என்பதுதான். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் 'ஐ லவ் யூ'வைக் கடைசி அத்தியாயத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நடுவிலேயே சொல்ல வையுங்கள், தப்பான நேரத்தில், தப்பான விதத்தில். கதை தானாக ஓடும்.

உங்கள் கணவரிடம் 34ஆம் அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். 35ஐக் கேட்டு வருவார்.

நாவல் வெளிவந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் 'இது யார் கதை?' என்று துளைக்கிறார்கள். உங்களிடம் கேட்பதில்லையா? – பள்ளி ஆசிரியை

கேட்காமலா? ஒரு டாக்டரை நாயகனாக எழுதினேன். எங்கள் மருத்துவமனையில் கண்ணாடி போட்ட டாக்டர்கள் எல்லோரையும் வரிசையாகச் சந்தேகப்பட்டார்கள்.

சீட்டில் இருப்பது நோயாளிக்குச் சொந்தமான ரகசியம். யாருக்கு என்ன மருந்து, எதற்கு என்பது என் கதைக்குள் ஒருநாளும் வராது. பெயரை மாற்றிப் போட்டாலும் வராது. நீங்களும் மாணவர்கள் வீட்டுச் சங்கதிகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் அசைவுகளை எடுத்துக்கொள்ளலாம், அவை யாருக்கும் சொந்தமில்லை.

எங்கள் கவுன்ட்டர் கண்ணாடியில் கீழே ஒரு திறப்பு இருக்கிறது. குனிந்து மருந்து எடுத்து நிமிர்வதற்குள் எனக்கு முதலில் தெரிவது கைகள்தான். ஒரு கை சீட்டை நீட்டும், பக்கத்தில் இருக்கிற இன்னொரு கை சில்லறையை எண்ணி முன்னதன் உள்ளங்கையில் வைக்கும். மருந்துப் பையை யார் வாங்கிக்கொள்வது என்று இரண்டு கைக்கும் நடுவில் அரை நொடி ஒரு தயக்கம் வரும். புதிதாகச் சேர்ந்த ஜோடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பையைப் பிடிப்பார்கள். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எந்தக் கை நீளும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது, தயக்கமே இருக்காது. சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் பை கொஞ்ச நேரம் கவுன்ட்டரிலேயே கிடக்கும். என் காதல் காட்சிகளில் முகவர்ணனை குறைவு, கை அதிகம் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். காரணம் அந்தத் திறப்புதான்.

நெருக்கமான காட்சி என்று வந்தாலே பேனா நின்றுவிடுகிறது. அம்மா படிப்பார்களே என்ற பயம். – மென்பொருள் பொறியாளர்

அம்மாவுக்குத் தெரியாத எதையும் நீங்கள் எழுதிவிடப் போவதில்லை.

எந்த அளவுக்கு எழுதுவது என்பது உங்கள் விருப்பம், கதவைச் சாத்திவிட்டு அடுத்த காலைக்குப் போவதும் ஒரு முறைதான். எந்த முறையானாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சிக்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்ட விதமும் பின்னால் பேசிக்கொள்ளும் விதமும் ஒரே மாதிரி இருந்தால் காட்சியை எடுத்துவிடலாம். முன்பு வாயாடியாக இருந்தவள் மறுநாள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. எனக்கு அந்த மறுநாளை எழுதத்தான் ஆசை.

கோபக்கார ஹீரோ இல்லையென்றால் படிக்க ஆள் இல்லை என்கிறார்கள். நாயகியை அறைகிற ஹீரோவுக்கு ரசிகைகள் இருக்கிறார்கள். நாமும் எழுதினால் என்ன? – தையல் கலைஞர்

கோபம் இருக்கட்டும், கைநீட்டல் வேண்டாம். அறைந்துவிட்டு, இருபது அத்தியாயம் கழித்து 'சின்ன வயதில் நான் பட்ட கஷ்டம்' என்று கண்ணீர் விட்டால் அதற்குப் பெயர் காரணம், மன்னிப்பு இல்லை. அவள் அதைக் கேட்டு உருகுவதாக எழுதும்போது, எழுதுகிறவர் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

ரசிகைகள் தேடுவது தீவிரத்தை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. கோபத்தில் கத்துகிறவனை விட, கோபம் வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறவன் பக்கத்தில் வாசகி இன்னும் கெட்டியாக உட்காருவாள். எழுதிப் பாருங்கள்.

நான் ஆண். காதல் கதை எழுதுகிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சம். புனைபெயரில் எழுதினால் பின்னால் உரிமைச் சிக்கல் வருமா? – மின்வாரியப் பணியாளர்

கூச்சத்துக்கு அவசியமே இல்லை ஐயா. எஞ்சினியர் ரங்கராஜன் மனைவி பெயரில் எழுதித்தான் நமக்கு சுஜாதா ஆனார். டாக்டர் திரிபுரசுந்தரி 'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதி, 1984இல் சாகித்ய அகாதமி விருது வரை போனார். இரண்டு பேருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது.

உரிமை பற்றிப் பயம் வேண்டாம். எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் வரும் என்பதில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின்படி எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டும் உரிமை நிற்கும். இந்தியச் சட்டத்தில் அது 60. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்றே தெரியாமல் போனால் மட்டும் கணக்கு புத்தகம் வெளியான ஆண்டிலிருந்து ஓடும். அதனால் அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒப்பந்தத்தில் சொந்தப் பெயரை எழுதி, 'இன்ன புனைபெயரில் எழுதுபவர்' என்று சேர்த்துவிடுங்கள். பணியிட விதிகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். வெளி வருமானம் பற்றி ஏதாவது ஒரு வரி இருக்கும்.

பதிப்பாளர் ஒருவர் ஒரு தொகை கொடுத்து 'மொத்த உரிமை' கேட்கிறார். முதல் நாவல். கையெழுத்துப் போடலாமா? – இல்லத்தரசி

மொத்தம் என்றால் எது எது என்று முதலில் கேளுங்கள். அச்சுப் புத்தகம் ஓர் உரிமை. மின்நூல் ஒன்று, ஒலிநூல் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று, படம் அல்லது தொடராக எடுப்பது இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அச்சுப் புத்தகம் மட்டும் போடுகிறவருக்கு ஒலிநூல் உரிமை எதற்கு?

அடுத்தது காலம். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாத ஒப்பந்தம், எத்தனை நாளைக்கு என்று எழுதாத மருந்துச் சீட்டு மாதிரி. நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்ப வரும் என்றும் ஒரு வரி வேண்டும். ராயல்டி என்றால் அட்டை விலையில் எத்தனை சதவீதமா, கழிவு போகப் பதிப்பாளர் கைக்கு வருவதில் எத்தனை சதவீதமா என்று பாருங்கள். அதே பத்து சதவீதம் இரண்டு கணக்கில் இரண்டு தொகை.

நீங்களே மின்நூலாக வெளியிடவும் வழி இருக்கிறது. அமேசான் 2007இலிருந்து அதற்கு இடம் கொடுக்கிறது. விலையையும் சில நிபந்தனைகளையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீத ராயல்டி. சந்தா வாசகர்களுக்கான கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து படித்த பக்கத்துக்குக் காசு. இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கத்துக்குக் காசு என்றதும் நாயகி காபி கலக்க மூன்று பக்கம் எடுத்துக்கொள்வாள். வாசகி நாலாவது பக்கத்தில் எழுந்து போய்விடுவாள்.

முதல் நாவல் என்பதற்காக அவசரப்படாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு வாரம் கேளுங்கள். ஒரு வாரம் தர மாட்டேன் என்கிறவருக்கு வாழ்நாள் உரிமையைத் தர வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரம் எழுதும் எண்ணம் இருக்கிறதா? – ஆய்வகத் தொழில்நுட்பர்

இல்லை. சம்பளம் மாதா மாதம் வரும். ராயல்டி அதற்குத் தோன்றுகிறபோது வரும். எழுத்தில் சாப்பிட வேண்டும் என்று வந்துவிட்டால், எந்த மாதிரி ஹீரோ விற்கிறானோ அவனைத்தான் எழுதியாக வேண்டும். இப்போது எனக்குப் பிடிக்காத கதையை 'எழுத மாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. அந்த வசதிக்கான செலவை மருந்தகம் கட்டுகிறது. அதுவும் போக, வீட்டிலேயே இருந்தால் கைகளுக்கு எங்கே போவது?

அடுத்த நாவல் எப்போது மேடம்? நாயகனை லிஃப்டில் மாட்டிவிட்டதோடு தொடரை நிறுத்தியிருக்கிறீர்கள்! – ஓய்வு பெற்ற நூலகர்

இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி ஐயா. அவன் உள்ளேயே இருக்கட்டும், கூட அவளும்தானே இருக்கிறாள்.