வீட்டில் காப்பதும் தோப்பில் கொல்வதும் ஒரே புழுவைத்தானே?

கேள்வி: ஐயா, புளியங்குடிக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். தோப்பை ஒட்டியே வீடு. என் மருமகள் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வண்ணத்துப்பூச்சி வளர்க்க வேண்டும் என்று அவர் விரும்பியதால், நர்சரியில் இரண்டு எலுமிச்சை, ஒரு நாரத்தை, இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகள் வாங்கிப் புறவாசலில் நட்டோம். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கென்று விற்ற பூச்செடித் தொகுப்பு ஒன்றும் வாங்கினோம். மழைக்குப் பின் வந்த கொழுந்தில் புழுக்கள் நிறைய இருந்தன. எறும்பும் குளவியும் தூக்கிச் செல்கின்றன, ஓணானும் தையல்சிட்டும் தின்கின்றன, மீதமிருந்தவையும் பெரிதானதும் ஒரே இரவில் காணாமல் போகின்றன. கிடைத்த இரண்டு கூட்டுப்புழுக்களிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னஞ்சிறு குளவிகள் வெளிவந்தன. மருந்துக் கடை அண்ணாச்சி எறும்புப் பொடி ஒன்றைக் கொடுத்து, செடியைச் சுற்றித் தூவினால் போதும் என்கிறார். தூவலாமா? வலை கட்டலாமா? பெட்டியில் வைத்து வளர்க்கலாமா? விலைக்குக் கூட்டுப்புழு கிடைக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: பொடியைத் தூவ வேண்டாம். இத்தகைய பொடிகளில் பெரும்பாலும் ஃபென்வலரேட், மாலத்தியான் போன்ற, உடலில் பட்டாலே கொல்லும் தொடுநச்சுகளே இருக்கும். அவை எறும்பென்றும் புழுவென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. காற்றில் பறந்து கொழுந்தில் படியும் பொடி ஒருபுறம் இருக்கட்டும். முழு வளர்ச்சி அடைந்த புழு கூட்டுப்புழுவாக மாற இடம் தேடித் தண்டு வழியே இறங்கும்போது, நீங்கள் தூவிய வளையத்தைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.

இந்த இறங்குதலே உங்கள் கவலையில் ஒரு பாதிக்கு விடையாகவும் இருக்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் ஒரு பருவம் தாண்டும்; நான்கு பருவம் வரை பறவை எச்சம் போன்ற கறுப்பு வெள்ளைத் திட்டுகளுடன் இருந்து, ஐந்தாம் பருவத்தில் பச்சையாக மாறும்; தின்று முடித்ததும் வயிற்றைக் காலி செய்துவிட்டு, பல வேளைகளில் தான் வளர்ந்த செடியை விட்டே வெளியேறிவிடும். ஆகவே பெரிய பச்சைப் புழு ஒரே இரவில் மறைந்தால், அதை ஓணான்தான் தின்றது என்று முடிவு கட்டாமல், சுவரோரம், ஜன்னல் விளிம்பு, வேலிக் கம்பு, பக்கத்துச் செடியின் காய்ந்த குச்சி ஆகியவற்றை நிதானமாகத் தேடிப் பாருங்கள். இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமைவதால் எளிதில் கண்ணில் படாது.

உண்மையிலேயே தின்னப்படுபவை நிறைய உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பெண் பூச்சி நூறு முட்டை இட்டால் அவற்றில் சராசரியாக இரண்டு பூச்சிகளாகி மறுபடியும் முட்டையிட்டாலே அந்த இனத்தின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். மற்றவை எறும்புக்கும் சிலந்திக்கும் கும்பிடு பூச்சிக்கும் சிட்டுக்கும் இரையாவது இயற்கையின் கணக்கிலேயே சேர்ந்தது. அந்தக் கணக்கை உங்கள் புறவாசலில் கொஞ்சம் திருத்தலாம், ஒழித்துவிட முடியாது. தையல்சிட்டை விரட்டும் யோசனை இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். அதுவும் கூட்டில் குஞ்சு வைத்துக்கொண்டுதான் உங்கள் கொழுந்தைத் தேடி வருகிறது.

கூட்டுப்புழுவிலிருந்து வந்த சிறு குளவிகளைப் பொறுத்தவரை, ஒரே சிறு துளை வழியாகப் பல குளவிகள் வெளிவந்திருந்தால், அவை டெரோமாலஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். புழு கடைசித் தோலை உரித்துக் கூடாகி மேலோடு இறுகுவதற்கு முன்னுள்ள குறுகிய நேரத்தில் தாய்க்குளவி அதன்மேல் ஏறி முட்டைகளைச் செலுத்திவிடும். பின்தொடை தடித்த ஒற்றைக் குளவி பெரிய துளையிட்டு வந்திருந்தால் அது வேறு வகை. இரண்டையும் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. தடுக்கக்கூடியது துணி மட்டுமே. ஐந்தாம் பருவப் புழுவைக் கிளையோடு சேர்த்து நெருங்கிய இழையுள்ள வலைப்பைக்குள் விட்டு, பையின் வாயைக் கிளையில் பஞ்சு சுற்றி இறுகக் கட்டிவிட்டால், அந்த ஆபத்தான சில மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். கட்டுவதற்கு முன் கிளையில் சிலந்தியோ எறும்போ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகும்.

முட்டை நிலையிலேயே பையைக் கட்டுவதால் அதே அளவு பயன் கிடைக்காது. முட்டைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை என்பதால் சாதாரணக் கொசுவலையின் கண் வழியே தாராளமாக நுழைந்துவிடும். கரும்புத் துளைப்பானுக்காக அட்டையில் ஒட்டி விற்கப்படும் ட்ரைக்கோகிரம்மா இந்த வகையைச் சேர்ந்ததுதான். பக்கத்து வயலில் அதைக் கட்டினால் உங்கள் செடியில் இருக்கும் முட்டைகளிலும் சில கறுத்துப்போகலாம். அதற்காக அண்டை வயல்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் மருந்தடிப்பதைவிட அட்டை கட்டுவது உங்களுக்கு ஆயிரம் மடங்கு நல்லது.

பெட்டியில் வளர்க்கலாம், ஆனால் கூட்டமாக வளர்க்கக் கூடாது. ஒரு பெட்டிக்கு நான்கைந்து புழுக்கள், நாள்தோறும் புதுக் கொழுந்து, நாள்தோறும் எச்சம் அகற்றுதல், மூடியில் நீர் வியர்க்காத அளவுக்குக் காற்றோட்டம் ஆகியவை போதும். நெருக்கடியில் ஒரு புழு கறுத்து நீராகக் கசிந்தால் அந்தப் பெட்டியே நோய்க்கூடமாகிவிடும்.

எறும்புகள் செடிக்கு ஏறுவது புழுவுக்காக என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அவை அசுவினி, சில்லா, மாவுப்பூச்சி ஆகிய சாறுறிஞ்சிப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் வருகின்றன. வழியில் அகப்படும் சிறு புழுவை விட்டுவிடுவதில்லை, அவ்வளவே. அதனால் காலையில் குழாயை வேகமாகப் பீய்ச்சி அந்தப் பூச்சிகளைக் கழுவிவிடுங்கள். கழுவுவதற்கு முன் முட்டையும் புழுவும் உள்ள கொழுந்துகளைப் பார்த்து விலக்கிக்கொள்ளுங்கள். தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவாதீர்கள். கூடாக இறங்கும் புழு அதில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பெரிய புழுக்கள் வலைப்பைக்குள்ளேயே இருக்கட்டும். கிளைகள் சுவரையோ வேறு மரத்தையோ தொடாதபடி கழித்துவிடுங்கள், ஏனெனில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு தண்டு வழியே மட்டுமல்ல, தொடும் இலை வழியேயும் பாலம் போட்டு வரும். அதே முசுறு உங்கள் தோப்பில் இருந்தால் கலைக்க வேண்டாம். சீனத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலேயே நாரத்தை இன மரங்களில் பூச்சிகளை அடக்குவதற்காக முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தோப்பை ஒட்டியே வீடு என்று எழுதிய நீங்கள், தோப்பில் என்ன தெளிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. புறவாசலில் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் புழுவும், தோப்பில் இலைத்தின்னி என்று சொல்லி நீங்கள் கொல்லும் புழுவும் ஒன்றேதான். புறவாசலில் முட்டையிட வரும் தாய்ப்பூச்சியும் அநேகமாக அந்தத் தோப்பில் பிறந்ததாகவே இருக்கும். எறும்பு எடுத்துச் செல்லும் புழுக்களை எண்ணும் நீங்கள், கைத்தெளிப்பான் எடுத்துச் செல்லும் புழுக்களை எண்ணுவதில்லை.

கடையில் இரசாயன மருந்து வேண்டாம் என்று சொன்னால், அடுத்த அலமாரியிலிருந்து 'இயற்கை' என்று அச்சிட்ட புட்டி ஒன்று வரும். வண்ணத்துப்பூச்சித் தோட்டங்களுக்கு இந்தச் சொல் செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தின் இலைத்தின்னி வகை, சிலந்தியையும் எறும்பையும் குளவியையும் விட்டுவிட்டு, அந்து மற்றும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை மட்டுமே குறிவைத்துக் கொல்லும். அதாவது உங்கள் எதிரிகள் அனைவரையும் காப்பாற்றி, நீங்கள் வளர்க்க நினைப்பதை மட்டும் அழிக்கும். காய்ப்புழுவுக்கு எதிராக அதைப் போன்ற நல்ல மருந்து இல்லை. உங்கள் புறவாசலுக்கு அதைப் போன்ற தவறான மருந்தும் இல்லை. வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் புழு தின்பதை நிறுத்தச் செய்யும், தோலுரிப்பையும் குலைக்கும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலை எறும்புக்கென்று தெளிப்பவர்கள், கொழுந்தின் வாசனையை அறிந்து முட்டையிடும் தாய்ப்பூச்சிக்கு அந்தக் கொழுந்தை அடையாளம் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். நஞ்சு செடியில் விளைந்ததா, ஆலையில் தயாரானதா என்று புழு கேட்பதில்லை. வண்ணத்துப்பூச்சிக்காக வைத்த செடியில் தெளிக்கத் தகுந்த பூச்சி மருந்து என்று ஒன்று கிடையாது என்பது என் உறுதியான கருத்து; தண்ணீர் மட்டுமே தெளிக்கலாம்.

தோப்பு பிழைப்பு என்பதால் அங்கே எதையும் தெளிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். காய்ப்புக்கு வந்த எலுமிச்சை மரத்தில் இந்தப் புழு தின்னும் இலையால் மகசூல் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. கன்றுகளிலும், நட்டு இரண்டு மூன்று ஆண்டே ஆன மரங்களிலும் சேதம் உண்மையானது. அங்கே கொழுந்திலிருந்து புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம், பொறுக்கியதைப் புறவாசல் செடிகளுக்கே கொண்டுவந்துவிடலாம். மருந்து படாத மரத்திலிருந்து எடுத்த புழுவாக மட்டும் அது இருக்க வேண்டும். இலைச்சுரங்கப் பூச்சி கொழுந்து இலைக்குள் குடைந்து வைக்கும் புண் வழியே சொறி நோய் நுழையும் என்பதால் அதற்கு மருந்தடிக்க வேண்டிய சூழல் வரலாம். அப்போதும் வீட்டை ஒட்டிய இரண்டு வரிசைகளை விட்டுவிடுங்கள், காற்று வீட்டுப்பக்கம் அடிக்கும் வேளையில் தெளிக்காதீர்கள். சொறிக்கு அடிக்கும் தாமிர மருந்து வேறு. அதையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்து 'ஒரே செலவில் இரண்டு வேலை' என்று சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். அந்த இரண்டாவது வேலை உங்களுக்குத் தேவைப்பட்டதா என்று அவர் கேட்டிருக்கமாட்டார்.

நர்சரியில் வாங்கிய கன்றுகளையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சில்லாவும் இலைச்சுரங்கப் பூச்சியும் இல்லாத பளபளப்பான கன்றையே எல்லோரும் கேட்பதால், இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகளை வேரில் ஊற்றி வளர்ப்பது சாதாரணமாகிவிட்டது. அவை சாற்றோடு கொழுந்துவரை ஏறி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூடத் தங்கும். இலை கடித்த சிறு புழு துடித்து வாந்தியெடுத்துக் கீழே விழுந்து கிடந்தால் அது எறும்பின் வேலையல்ல. இறந்த பின் எறும்பு இழுத்துச் செல்வதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் கறிவேப்பிலையில் அப்படி நடந்தால் இரண்டு முறை கவாத்து செய்து (கிளைகளை நறுக்கி), அடுத்து வரும் கொழுந்துவரை பொறுத்திருங்கள். அதைவிட, தெருவில் யார் வீட்டிலாவது நிற்கும் பழைய மரத்தின் வேர்க்கன்றையோ உதிர்ந்த விதையில் முளைத்த நாற்றையோ கேட்டு வாங்குங்கள். எலுமிச்சையை நீங்களே விதையிட்டு முளைக்க வைக்கலாம். ஐந்து செடிகளும் போதாது. புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். அந்த நேரத்தில் இலை தீர்ந்தால் குளவியைவிடப் பசியே அதைக் கொல்லும். பத்துப் பன்னிரண்டு செடிகளை இடுப்பளவில் நறுக்கிவைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கவாத்து செய்தால், எப்போதும் ஏதாவது ஒரு செடியில் கொழுந்து இருக்கும்.

பூச்செடித் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடுக்கடுக்கான இதழுடைய கலப்பினப் பூக்களில் தேன் எடுக்கப் பூச்சிக்கு வழியிருக்காது, உண்ணிச்செடியைக் கொடுத்திருந்தால் அது வேலி தாண்டிப் பரவும். நீங்கள் களைக்கொல்லி அடித்து அழிக்கும் கிணற்றுப்பாசானும் தும்பையும் அதே இடத்தில் பல மடங்கு பூச்சிகளை அழைத்து வரும். வீட்டு வாசலில் இட்லிப்பூ இருந்தால் போதும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் வைத்தால் வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அவற்றின் காய்ந்த தண்டைக்கூட மொய்க்கும். அது தேனுக்காக அல்ல, இணை சேர்வதற்கும் தற்காப்புக்கும் வேண்டிய நச்சுப் பொருளுக்காக. துணி துவைக்கும் கல்லருகே ஈரமாகவே இருக்கும் மண்ணைச் சிமெண்ட் போட்டு மூடாதீர்கள். உப்புச்சத்துக்காக அங்கே இறங்கும் பூச்சிகளைப் பிள்ளைகள் மிக அருகில் நின்று பார்க்கலாம்.

பறவையும் ஓணானும் உங்களுக்குப் பெருங்கவலை என்றால், எலுமிச்சை இனத்தோடு நின்றுவிடாமல், அவை தின்னத் தயங்கும் பூச்சிகளுக்கான செடிகளையும் வையுங்கள். எருக்கில் வளரும் வெந்தய வரியனின் புழு எருக்கின் நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை அதைத் தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை தீண்டாது. ஈஸ்வரமூலிக் கொடியில் வளரும் சிவப்புடல் அழகியும் அப்படியே. அந்த நச்சுப் பூச்சியின் கோலத்தில் நச்சில்லாத ஒரு பெண்பூச்சியும் உங்கள் கறிவேப்பிலையில் முட்டையிட வரும். கறிவேப்பிலை அழகி என்னும் அந்த இனத்தில் பெண்களில் ஒரு பகுதி மட்டும் சிவப்புத் திட்டோடு வேடமிட்டுப் பறக்கும். மருமகளின் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எருக்கம்பால் கண்ணில் படாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நச்சு பறவையைத்தான் தடுக்கும், ஒட்டுண்ணி ஈயையும் குளவியையும் தடுக்காது என்பதால் வலைப்பையை இந்தச் செடிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப்புழுவை விலைக்கு வாங்காதீர்கள். எந்தக் காட்டில் எடுத்ததென்று விற்பவர் சொல்லமாட்டார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 சில வண்ணத்துப்பூச்சி இனங்களைப் பாதுகாக்கிறது என்பதையும் அவர் சொல்லமாட்டார். ஒட்டுண்ணி உள்ளே இருக்கும் கூட்டுக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரியாது. உங்கள் தோப்பிலேயே இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.