பதில்: ரீஸ்டோர் முடிந்தும் சர்வர் பூட் ஆகவில்லை

வணக்கம் சார். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் லினக்ஸ் சர்வர் டிஸ்க் போய், புது டிஸ்க்கில் பேரியோஸ் என்ற பேக்கப் மென்பொருள் வழியாக எல்லா ஃபைலையும் இறக்கியும் கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்றே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீங்க, உங்கள் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும்.

ஃபைல் பேக்கப் ஃபைலை மட்டும்தான் எடுக்கும். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) அமைப்பும், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் போன்ற பூட்லோடரும் அதில் வராது. புது பார்ட்டிஷனின் யூயூஐடியும், அதாவது அதன் அடையாள எண்ணும், வேறு. அதனால் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனை (சிஸ்டம் இருக்கும் பிரிவு) மவுண்ட் பண்ணுங்க. சர்வர் யூஇஎஃப்ஐ (புது வகை பயோஸ்) முறையில் பூட் ஆவது என்றால், பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்ய வேண்டும். லைவ் சிஸ்டத்தின் டெவ், ப்ராக், சிஸ் ஃபோல்டர்கள் மூன்றையும் அதற்குள் பைண்ட் மவுண்ட் செய்து (அங்கேயும் தெரியும்படி இணைத்து), சிஎச்ரூட் கட்டளையால் உங்கள் சிஸ்டத்துக்குள் நுழையுங்க. எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய யூயூஐடியை மாற்றி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, கிரப்பை மறுபடி நிறுவி, அதன் கான்ஃபிகையும் புதிதாக உருவாக்குங்க.

இனிமேல் இந்தப் பாடு வேண்டாம். 'ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர்' என்ற இலவச மென்பொருளைப் போடுங்க. அதன் லோக்கல் கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் பேக்கப் முறையாகப் பேரியோஸைக் குறித்து ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ (பூட் செய்யக்கூடிய மீட்பு டிஸ்க் ஃபைல்) எடுத்தால், பார்ட்டிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கையாளும் முறை), பூட்லோடர் எல்லாவற்றையும் அதுவே கட்டி, ஃபைலைப் பேரியோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஐஎஸ்ஓவை அந்த சர்வரிலேயே வைக்காதீங்க. தருமபுரியில் ஒரு மில்லில் நான் போனபோது, அது செத்த டிஸ்க்குக்குள்ளேயே கிடந்தது. மூன்று நாள் பில்லிங் கையால் எழுதினார்கள், பார்க்கவே மனசு கேட்கலை.

பில்லிங் மரியாடிபி என்ற டேட்டாபேஸில் ஓடினால், ஓடிக்கொண்டிருக்கும் அதன் ஃபைலை அப்படியே நகலெடுக்கும்போது நகல் உடைந்து வரலாம். பேரியோஸின் மரியாபேக்கப் ப்ளகினைச் சேருங்க.

கிரப் நிறுவும்போது பிழை வந்தால் அந்த வரியை அப்படியே இங்கே போடுங்க, பார்க்கிறேன்.