பின்னால் போன், முன்னால் கணக்கு

கேள்வி: தஞ்சோங் பகாரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு நீள மேசைகள் போட்டுவிட்டார்கள். யாருக்கும் சொந்த இடம் கிடையாது, காலையில் முதலில் வந்தவருக்கு நல்ல இடம். என் முதுகுக்குப் பின்னால் விற்பனைப் பிரிவு, நாள் முழுக்கப் போன்தான். மாதக் கடைசியில் ஒரே பக்கத்தை நாலு தடவை கூட்டுகிறேன். சொன்னால் "ஹெட்போன் போட்டுக்கோங்க" என்கிறார் மேலாளர். நான்தான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை, சகோதரி. கணக்குப் பார்ப்பவருக்கு அமைதி வேண்டும் என்று கேட்பது எப்படி அதிகமாகும்? ஏர்கான் இரைச்சல் நாள் முழுக்க இருந்தாலும் காது அதைப் பழகிவிடும். ஆனால் புரிகிற பேச்சு அப்படி விடாது, அதிலும் போனில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்டால் எதிர்முனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் தானாகவே தேடும். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன்கள் விமானத்தின் ஒரே சீரான சத்தத்துக்கு நன்றாக உதவும், பக்கத்தில் பேசுகிறவரின் குரலை முழுவதும் அடக்காது. பாட்டுப் போட்டால், அதிலும் வார்த்தைகள்தானே.

நீங்கள் இழந்த தடுப்புக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் புரோப்ஸ்ட் என்பவர், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக 1968-ல் கொண்டுவந்த அமைப்பிலிருந்துதான் இன்றைய கியூபிக்கிள் பிறந்தது. வரிசை வரிசையாக மேசை போட்ட பெரிய கூடங்களிலிருந்து ஊழியரை விடுவிக்க வேண்டும், பலகைகளை விரிந்த கோணத்தில் வைத்து ஆளுக்கொரு வசதியான இடம் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். நிறுவனங்கள் அதையே இடம் மிச்சம் பிடிக்கும் சின்னச் சதுரப் பெட்டிகளாக அடுக்கிவிட்டன. அப்படி ஒரு பெட்டியில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், ராபின்சன் ரோட்டில். எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது.

"எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் நிறையப் பேசிக்கொள்வார்கள்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்கள் திறந்த அலுவலகத்துக்கு மாறியதை அளந்து பார்த்து 2018-ல் எழுதினார்கள்: நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லார் பார்வையிலும் உட்கார்ந்திருக்கும்போது மனிதர் தமக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நகர மையத்தில் வாடகை எவ்வளவு என்று நமக்குத் தெரியும், அதே இடத்தில் கூடுதல் ஆட்களை உட்கார வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் மேலாளரிடம் பழைய தடுப்பைத் திருப்பிக் கேட்டால் கிடைக்காது. தவறு நடந்தால் நிறுவனத்துக்கு என்ன செலவு என்று பேசுங்கள். எந்த நாளில் எந்தக் கணக்கைத் திரும்பப் போட்டீர்கள், எத்தனை மணி நேரம் போனது என்று இந்த மாதக் கடைசியில் குறித்து வையுங்கள்.

அப்புறம் சின்னதாகக் கேளுங்கள். விற்பனைப் பிரிவு மறுகோடிக்குப் போகட்டும், அல்லது மாதக் கடைசி மூன்று நாளும் ஒரு கூட்ட அறை கணக்குப் பிரிவுக்கு இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் இங்கே சிங்கப்பூரில் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைப்படி, முறையாக விண்ணப்பித்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால்தான் அந்தக் குறிப்பு கையில் இருப்பது முக்கியம்.

கேள்வி: எங்கள் குழுவில் எனக்கு மட்டும் தனி அறை தருகிறார்கள். மற்ற ஆறு பேரும் வெளியே. எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் அது வேறு பிரிவுக்குப் போய்விடும். ஆனால் நீங்கள் கூட்டங்களுக்குப் போகிற நேரத்தில் அது பூட்டிக் கிடக்க வேண்டாம். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், யாருக்கு எந்த நேரம் வேண்டும் என்று அந்த ஆறு பேரும் எழுதட்டும்.