அப்பாவின் இபிஎப் காசை எம்பிபிஎஸ்ஸில் போடாதீர்கள், அம்மா

உயர்தரத்தில் உயிரியலில் ஏ எடுத்த மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை வீணாகப் போகமாட்டாள். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை என்றதும், அப்பாவின் இபிஎப் சேமிப்புக் காசையும் நகையையும் வைத்து வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க வைக்கச் சொல்கிறாரே அவள் மாமா, அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். முடித்துத் திரும்பினாலும் இங்கே இலங்கையில் தனித் தேர்வில் தேறினால்தான் மருத்துவப் பேரவையில் பதிவு. அதுவரை வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

கொப்புள நோய் வந்த தேயிலைக் கொழுந்தைப் பறித்து வந்து கொப்பியில் படம் கீறுகிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அவளுடைய வழி. அந்த நோயைத் தருவது ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை. பங்கசுகளின் மரபியல் என்று ஒரு துறை இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான இழைமணிக்குத் தனி டிஎன்ஏ உண்டு. மனிதரில் அது 16,569 எழுத்து. உருளைக்கிழங்கைத் தாக்கும் ரைசோக்டோனியா என்ற பங்கசில் அது 2,35,000ஐத் தாண்டும். இந்தப் பருமனில் நிறைய, இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள். மரபணுவின் நடுவே செருகி நிற்கும் இன்ட்ரோன் என்ற துண்டு அதில் ஒரு வகை. பலவேளை அதற்குள்ளேயே ஒரு நொதியத்துக்கான மரபணு இருக்கும். அந்த நொதியம் இன்ட்ரோன் இல்லாத பிரதியைத் தேடி வெட்டும், கலம் வெட்டை ஒட்டும்போது இன்ட்ரோன் உள்ள பிரதியைப் பார்த்தே ஒட்டுவதால் துண்டு அங்கேயும் ஏறிவிடும். மரபணு ஆர்என்ஏ ஆகப் படியெடுக்கப்பட்டதும் அந்த இன்ட்ரோன் தானாகவே கழன்றுகொள்வதால் மரபணு கெடுவதில்லை. இதில் வயிற்றுப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்பீர்கள். பங்கசு நோய்க்கு அடிக்கும் ஸ்ட்ரோபிலூரின் மருந்துகள் இழைமணியின் சைற்றோகுரோம் பி புரதத்தைத்தான் அடைக்கின்றன. பல பங்கசுகளில் அந்தப் புரதத்தின் 143ஆவது இடத்துக்கான மரபணுப் பகுதியில் ஒரே எழுத்து மாறினால் போதும், மருந்து வேலை செய்யாது. கோதுமைத் துருநோய்ப் பங்கசிலோ அந்த இடத்தை ஒட்டியே இன்ட்ரோன் தொடங்குகிறது. எழுத்து மாறினால் இன்ட்ரோன் கழலாது, புரதம் உருவாகாது, பங்கசு பிழைக்காது. அதனால் அந்த வழியில் எதிர்ப்பு வருவதில்லை. எந்த மருந்தை எந்த நோய்க்கு எத்தனை காலம் நம்பலாம் என்பதை இப்படித்தான் முன்கூட்டிச் சொல்கிறார்கள். கோப்பியைத் துருநோய்க்குப் பறிகொடுத்துத் தேயிலைக்கு மாறிய மலை இது, இந்த அறிவு நம் பிள்ளைகளிடம் இருக்க வேண்டாமா?

பேராதனை விஞ்ஞான பீடத்தில் தாவரவியலும் இருக்கிறது, மூலக்கூற்று உயிரியலும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புப் பட்டம் நாலு வருடம். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடம் திணறுவாள், இப்போதே வாசிக்கத் தொடங்கட்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பட்டம் முடிந்தவுடன் வேலை நிச்சயம் என்று சொல்லமாட்டேன். மேற்படிப்பு வேண்டிவரும், ஆனால் உதவித்தொகையோடு படிக்கிற இடங்கள் உண்டு.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை மகளே எழுதட்டும். மாமாவிடம் நான் பேசுகிறேன்.